பானெட் ஓரத்துச் சந்தனப் பொட்டு

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு, வீட்டுக்கு ஒரே மகன் என்பதால் எனக்கு வந்தது. பொறுப்பானவன் என்பதால் அல்ல.

அப்பா வெள்ளகோவில் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். மீசை முளைக்கும் முன் கோவைக்கு வந்து, தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு வீட்டு முன்புறமே சொந்தப் பட்டறை. என்னைப் படிக்க வைத்ததும் அக்காவுக்குக் கல்யாணம் செய்ததும் அந்தச் செம்புக் கம்பிதான். ஐம்பது வயதில் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினார். வீதியில் யாருக்குப் பிரசவ வலி, நெஞ்சு வலி என்றாலும் அதுதான் கிளம்பும். கடைசியில் அவரையும் அதில்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

காருக்கென்று போட்ட தகரக் கூரையின் கீழ் மோட்டார்கள் கிடக்கும். கார் வெயிலில் நிற்கும். "மோட்டாரு அடுத்தவிய சாமான்டா. காரு நம்முளுது, காயட்டும்" என்பார். காய்ந்தது. சிவப்பு வெளுத்து ரோஸாகி, தொட்டால் கையில் மாவாக ஒட்டும் நிலைக்கு வந்தது.

வருஷத் திதிக்குப் பேரூருக்கு அந்தக் காரில்தான் வருவேன் என்றார் அம்மா. "பளபளன்னு இருக்கோணும் கண்ணு. ஆனா புதுசா பெயிண்ட் அடிச்சுப்போடாத. அப்பா தொட்ட பெயிண்ட்டே வேணும்."

பாலிஷ் பசை வாங்கி வந்து தேய்த்தேன். நாலே தேய்ப்பில் வெள்ளைத் துணி இரத்தச் சிவப்பானது. அப்பாவின் நண்பரான பெயிண்டர் அண்ணனைப் போனில் அழைத்தேன்.

"அண்ணா! அப்பா பெயிண்ட்டு பூராத் துணியில வருதுங்க!"

"ஏனுங் தம்பி, அழுகறீங்களா?"

"இல்லீங், வேர்வைங்."

"பழைய காருன்னா அப்படித்தானுங் வரும். அது வெயில்ல செத்த பெயிண்ட்டு, அடியில நல்லது இருக்குது. ஓரத்துல மட்டும் அழுத்திப்போடாதீங்க, அங்க மெல்லிசு."

இரண்டு நாள் தேய்த்தேன். மெல்ல மெல்லப் பழைய சிவப்பு எழும்பி வந்தது. பானெட்டில் என் வழுக்கையே தெரிந்தது. அந்தப் பூரிப்பில் ஓரத்தில் அழுத்திவிட்டேன். கோலிக்குண்டு அளவுக்குப் பெயிண்ட் போய், அடியில் பூசிய சாம்பல் நிறம் பல்லிளித்தது.

ஐம்பத்திரண்டு வயது ஆண்மகன் அந்நேரம் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். பூஜை அறைக்கு ஓடிச் சந்தனத்தைக் குழைத்து வந்து, அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

அம்மா வந்து காரைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு பொட்டைப் பார்த்தார்.

"ஆயுத பூசைக்கு நடுவுலதான வெப்போம்? இதென்ன ஓரத்துல?"

"திருஷ்டிக்குங்கம்மா."

அம்மா பின்பக்கம் போய், கதவிலிருந்த ஒரு பழைய கீறலைக் காட்டினார். "வாங்குன மூணா நாளே கேட்டுல ஒரசிப்போட்டு, உங்கப்பாவும் இங்க ஒரு பொட்டு வெச்சாரு. கேட்டா திருஷ்டின்னாரு. ஒரு மாசம் தெனமும் வெச்சாரு. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

"அப்பா பெயிண்ட்டு போச்சுங்கம்மா."

"போனாப் போவுது. புத்தி அப்படியே இருக்குதே!"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த உறவினர்களுக்கும், சோறு கொண்டுவந்த வீதிக்காரர்களுக்கும், என் அழுகையை வேர்வை என்று ஏற்றுக்கொண்ட பெயிண்டர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று எங்கள் வாசலில் நிற்கும் காரின் ஓரத்துப் பொட்டைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலையில் அதை வைத்தது அம்மா.