பரிமளத்தின் வேகனுக்கு வந்த மரக்கறி வேன் எஞ்சின்

கண்டி டவுனிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் இருப்பவர்களுக்குப் பரிமளத்தின் வேகன் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். காலையில் அது வெறுமையாக மேலே போகும். சளி பிடித்த மனிதர் தொண்டையைச் செருமுவதுபோல ஒவ்வொரு முடக்கு வளைவிலும் செருமிச் செருமி ஏறும். அந்தச் சத்தம் கேட்டதும் பாதையோர வீடுகள் பரபரக்கும். ஒரு வீட்டில் பின்னல் முடியும். இன்னொரு வீட்டில் காணாமல் போன காலுறை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். மேலே கோயிலடியில் திருப்பிக்கொண்டு வேகன் இறங்கி வருவதற்குள், தண்ணீர்ப் போத்தலும் புத்தகப் பையுமாகப் பிள்ளைகள் பாதைக்கு வந்து நிற்பார்கள்.

இதை யாரும் பேசி ஏற்பாடு செய்யவில்லை. பதினெட்டு வருடப் பழக்கத்தில் தானாக அமைந்தது. பரிமளத்துக்கே இது தெரியாது. ஹந்தானைப் பிள்ளைகள் நேரம் தவறாதவர்கள் என்றும், அதற்குத் தன்னுடைய கண்டிப்புதான் காரணம் என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேகன் முதலில் அவருடையதில்லை. தம்பி விவேகானந்தன் வாடகைக்கு, ஹயர் ஓடுவதற்காக வாங்கியது. வாங்கிய வருடமே தம்பிக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. பெட்டரி செத்துவிடாமல் கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கும்படி சொல்லிச் சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பரிமளம் அப்போது டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேகனில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். கொஞ்ச நாளில் சும்மா உட்கார்ந்திருப்பது அலுத்துப்போனது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். அப்படியே முற்றத்துப் பூச்சட்டிகளில் பாதியை உடைத்து, மதிலின் ஒரு பக்கத்தைச் சுரண்டி, கடைசியில் லைசன்ஸும் எடுத்துவிட்டார். தம்பி கட்டாரில் தங்கிவிட்டார். வேகன் அக்காவிடம் தங்கிவிட்டது. புடைவைக் கடையை விட்டுவிட்டு அவர் ஹந்தானைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினார்.

கணவர் கிருஷ்ணராஜ் மாநகர சபைக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். அவருக்கு வாகனம் ஓட்டத் தெரியாது, பழகும் எண்ணமும் இல்லை. மனைவி ஓட்டினால் பின் சீற்றில்தான் உட்காருவார். முடக்குகள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மனைவி நன்றாகத்தான் ஓட்டுகிறாள், தனக்குத்தான் பார்க்க முடியவில்லை என்று பிறகு சமாதானம் சொல்வார்.

வேகன் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று கேட்டால், மீற்றர் பென்ஷன் எடுத்துவிட்டது என்பார் பரிமளம். அது நின்றே பல வருடம். அதற்கு முன்பே அது ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தது. எஞ்சின் பெற்றோலைக் குடித்தது, ஒயிலையும் குடித்தது, ஆனால் பெலன் மட்டும் வரவில்லை. காலையில் பிள்ளைகளோடு இறங்குவதில் சிரமம் இல்லை. பின்னேரம் அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏறுவதுதான் பாடு. செங்குத்தான மூன்றாம் முடக்குக்குக் கீழே, கொஞ்சம் சமமான இடத்தில் நிறுத்துவார். பெரிய பிள்ளைகள் இறங்கி நடக்க வேண்டும். சின்னவர்களோடு வேகன் முக்கி முனகி ஏறி மேலே காத்திருக்கும். நடக்கும் கூட்டத்துக்குத் தலைவி, பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நிஷாந்தினி. முடக்கோரத்துக் கொய்யா மரத்தில் கை வைக்காமல் அந்தக் கூட்டம் மேலே வந்து சேர்ந்ததே இல்லை.

சித்திரை விடுமுறை விடுகிற கிழமையில் நல்ல மழை. பிள்ளைகள் தெப்பமாக நனைந்து வந்தார்கள். மூன்றாம் முடக்கு வீட்டு நிரோஷினி டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்பவர். அவருடைய மகனும் மகளும் வேகனில்தான் போய் வந்தார்கள். குடையோடு பாதைக்கு இறங்கி வந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. காசு குடுத்து அனுப்புறது புள்ளைங்க நடக்குறதுக்கா? லீவு முடிஞ்சும் இப்படித்தான்னா நான் வேன்லதான் போடணும்."

வேன் என்றால் ரிஷிகேசனுடைய வேன். டவுனுக்குப் புதிதாக வந்தது, ஏசி உள்ளது. அவன் நல்ல பையன்தான், அதுதான் பரிமளத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. நிரோஷினி போனால் மற்றத் தாய்மாரும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். டவுனில் ஹயர் ஓடலாம் என்று கிருஷ்ணராஜ் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். பரிமளம் அவரை முறைத்தார். ஹயர் ஓடுவது வாகனம் ஓட்டுவது. இது அப்படியா? பால்பல் விழுந்ததை முதலில் தன்னிடம் காட்டிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பாதையை விட்டுக்கொடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே கம்பளைக்குப் போனார். அங்கே கராஜ் வைத்திருக்கும் பஹீம் பாஸ்தான் தொடக்கத்திலிருந்து வேகனுக்கு வைத்தியர். வேறு வாகனம் வாங்குகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. இப்போதைய விலையில் அது பேசுகிற விஷயமே இல்லை. பஹீம் பொனட்டைத் திறந்து, எஞ்சினைக் கேட்டுவிட்டு, மூடினார். இதைக் கழற்றித் திருத்தினாலும் பழைய பெலன்தான் திரும்பி வரும், அந்த ஏற்றத்துக்கு அது அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதாது என்றார். கராஜின் பின்பக்கத்தில் ஒரு வேன் கிடந்தது. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றியது. உடம்பெல்லாம் துருப்பிடித்து முடிந்திருந்தது, எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. வேகனுக்கு இருந்தது ஆயிரத்து முந்நூறு சீசீ, இது ஆயிரத்து ஐந்நூறு. இரண்டும் ஒரே குடும்பம், ஆகவே பழைய கியர்பெட்டியிலேயே போய் உட்காரும்.

"கோவாவும் லீக்ஸும் ஏத்தின எஞ்சின் அக்கா. புள்ளைங்க அதுக்குப் பாரமே இல்ல" என்றார் பஹீம்.

"வழியில மார்க்கெட்டக் கண்டா தானா உள்ள திரும்பிராதே?"

"திரும்பினா எனக்கும் கொஞ்சம் போஞ்சி வாங்கிட்டு வாங்க."

விடுமுறை முழுவதும் வேலை நடந்தது. வேனில் சாய்ந்து கிடந்த எஞ்சின் வேகனில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் அடியில் ஒயில் நிற்கும் சட்டியையும், தாங்கிப் பிடிக்கும் கைகளையும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டினார் பஹீம். புதுக் கிளட்ச் தட்டுப் போட்டார். ரேடியேட்டரைக் கழுவினார். பழைய எஞ்சின் சங்கிலியில் தொங்கியபோது பரிமளம் பக்கத்தில் நின்றார். இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை வருடம் இத்தனை பிள்ளைகளை இழுத்தது இதுதானா? கையால் ஒருமுறை தடவினார். சேலைத் தலைப்பில் ஒயில் பட்டதை வீட்டுக்கு வந்துதான் கண்டார்.

வேகனை எடுக்கப் போன அன்று, பழைய சைலன்சர் ஓட்டையாகக் கிடந்ததாகவும் புதியது போட்டுவிட்டதாகவும் பஹீம் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். வேகன் பூனைபோல நடந்தது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றி எடுக்க அலைந்த அலைச்சல்கூட அந்தச் சுகத்தில் மறந்துபோனது.

பாடசாலை தொடங்கிய முதல் நாள் காலை பரிமளம் நெற்றிக்குத் திருநீறு பூசிக்கொண்டு, வேகனுக்கும் பூசிவிட்டுக் கிளம்பினார். ஏற்றம் ஏறியதே தெரியவில்லை. கோயிலடியில் திருப்பிக்கொண்டு இறங்கினால் பாதையில் ஒரு பிள்ளை இல்லை. ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கூப்பிட வேண்டியிருந்தது. சீப்பும் தலையுமாக வந்தார்கள், ஒற்றைச் சப்பாத்தோடு வந்தார்கள். பாடசாலைக்குப் போனபோது கேற் மூடியிருந்தது.

ஆனாலும் அன்று பின்னேரம் அவர் எதற்காகக் கம்பளைக்கு அலைந்தாரோ அது நடந்தது. மூன்றாம் முடக்குக்குக் கீழே நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போனார். பாதி ஏற்றத்தில் நிஷாந்தினி பழக்கதோஷத்தில் கதவைத் திறந்துவிட்டாள். பரிமளம் பதறிப் பிரேக்கை மிதித்தார். நிறைந்த வாகனத்தோடு அந்த இடத்தில் அவர் நின்றதே கிடையாது. நின்றால் பிறகு பின்னால்தான் போகும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினார். வேகன் ஒரு சாண்கூடப் பின்னால் போகவில்லை. மூட்டையைத் தோளில் போட்டவன் எழுந்து நடப்பதுபோலப் போனது. பின்னால் ஒரே கைதட்டல். நிஷாந்தினிக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது.

"அன்ட்டி, அப்ப கொய்யா?"

அடுத்த நாளும் காலையில் பாதை வெறுமை. இந்தமுறை பரிமளம் ஹோர்னை அடித்தார். நீளமாக, இரண்டு தரம். முதல் வீட்டு இராசமணி கையில் ஒரு கோப்பையோடு ஓடி வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் தட்டுகளோடு வந்தார்கள். அந்தப் பாதையில் ஹோர்ன் அடிப்பவர் மீன்காரர் ஒருவர்தான். வேகனைக் கண்டு இராசமணி கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்றும் கேற் மூடியிருந்தது. மூன்றாம் நாள் நேரத்தோடு போனில் செய்தி அனுப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் போன்களெல்லாம் சார்ஜில் கிடந்தன. செய்தியை எல்லோரும் பார்த்தபோது பத்து மணி. எல்லோரும் சிரித்த முகம் ஒன்று போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நிரோஷினி கோபப்படவில்லை, தயங்கித் தயங்கிப் பேசினார். நடை நின்றது சந்தோஷம், ஆனால் பிந்தி வந்ததாக மகனின் பெயரைத் தினமும் கேற்றில் எழுதுகிறார்கள், திங்கட்கிழமை ஒருநாள் வேனில் அனுப்பிப் பார்க்கப் போகிறேன் என்றார்.

பரிமளம் வீட்டுக்கு வந்து, இந்தக் காலத்துத் தாய்மாருக்கு நேரம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று பாத்திரங்களோடு சண்டை பிடித்தார். கிருஷ்ணராஜ் தேநீரை ஆற்றிக்கொண்டே, தானும் இந்தக் கிழமை முழுக்கக் கந்தோருக்குப் பிந்திப் போனதாகச் சொன்னார்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நீ எறங்கி வர்ற சத்தம் கேட்டுத்தானே நான் கெளம்புவேன். இப்ப நீ போறதும் தெரியல, வர்றதும் தெரியல."

பரிமளம் அகப்பையைக் கீழே வைத்தார். இராசமணியின் கோப்பை, ஒற்றைச் சப்பாத்து, சிரித்த முகங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. தன் கண்டிப்பு என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தது ஓட்டைச் சைலன்சரின் வேலை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கிருஷ்ணராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார்.

சனிக்கிழமை கம்பளையில் பஹீம் பாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, நல்லா ஈக்கிற சைலன்சரக் கழட்டிட்டு ஓட்டையப் பூட்டினேன்னு தெரிஞ்சா இந்தக் கராஜுக்கு எவன் வருவான்?"

"நான் வருவேன்ல பாஸ்."

கராஜுக்குப் பின்னால் பழைய சைலன்சர் இன்னும் கிடந்தது. பஹீம் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பூட்டினார். புகை உள்ளே வராமல் இருக்கப் பெரிய ஓட்டையை அடைத்தார், பொலிஸ்காரர் மறிக்காத அளவுக்குச் சத்தத்தையும் அடக்கினார். ஸ்டார்ட் செய்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய செருமல் இல்லை. குரல் உடைந்த பையன் பேசுவதுபோலத் தடித்த உறுமல். ஞாயிறு பின்னேரம் பரிமளம் ஒரு வேலையும் இல்லாமல் ஹந்தானைக்கு ஒருமுறை ஏறி இறங்கினார். சன்னல்களில் தலைகள் தெரிந்தன. அவர் கையசைத்தார். குரலை ஊருக்குக் காட்டியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை வேகன் உறுமிக்கொண்டு மூன்றாம் முடக்குக்கு ஏறியது. ரிஷிகேசனின் வேன் நிரோஷினி வீட்டு வாசலில் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பரிமளம் ஏற்றத்திலேயே, அதன் பின்னால் நிறுத்தினார். ரிஷிகேசன் ஹோர்ன் அடித்தான். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தான். குசினிக்குள்ளிருந்து நிரோஷினியின் குரல் வந்தது.

"இன்னைக்கு மீன் வேணாம்!"

பரிமளம் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரிஷிகேசன் வேனை ஓரமாக எடுத்து வழிவிட்டான். நின்ற இடத்திலிருந்து வேகன் ஓர் உறுமலோடு கிளம்பியது. அந்த உறுமலுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாக விளக்கும் குரலும் எழுந்தன. அக்கா மேலே போய்விட்டார், சப்பாத்தைப் போடு என்று யாரோ யாரையோ விரட்டுவது பரிமளத்துக்கே கேட்டது.

இறங்கி வந்தபோது எல்லோரும் பாதையில் நின்றார்கள். நிரோஷினியின் பிள்ளைகளும் சப்பாத்தோடு வெளியே நின்றார்கள். வேனைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், வேகனின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்கள். நிரோஷினி கையில் சீப்போடு நின்றார். மகளின் பையைச் சன்னலால் உள்ளே கொடுத்தார்.

ரிஷிகேசன் வேனிலிருந்து தலையை நீட்டினான். "அக்கா, இந்தச் சத்தம் எங்க வாங்குனது?"

"கம்பளையில."

வேகன் கீழே இறங்கியது. பாதையின் அடியில், அவர்களுடைய வீட்டு வாசலில் கிருஷ்ணராஜ் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்க்காமலே, கந்தோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.