ஆளுக்குப் பாதி வெட்சூட்

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் பகலில் போனால் அக்கா இருப்பாள். பொழுது சாய்ந்து போனால் அண்ணன் இருப்பார். தெருவே அவளை அக்கா என்றும் அவரை அண்ணன் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டதால், புதிதாகக் குடிவந்தவர்கள் இருவரையும் உடன்பிறந்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை ஒரு பெரியம்மா, "உங்க அண்ணனுக்கு எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கு, பேசலாமா?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டாள். அக்கா கோபப்படவில்லை. "நல்ல இடமா இருந்தா சொல்லுங்க, எனக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்றாள். அந்தப் பெரியம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. புருஷனையும் பொண்டாட்டியையும் ஒரே நேரத்தில் அந்தக் கடையில் பார்த்தவர்கள் அபூர்வம்.

கடையை மூடுவதே கிடையாது. நோய் என்ன நல்ல நேரம் பார்த்தா வருகிறது? காலையிலும் மாலையிலும் ஆள் மாறும்போது கிடைக்கும் பத்து நிமிஷம்தான் அவர்களுடைய குடித்தனம். அன்றைக்கு நடந்ததை ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்டுக்கொள்வார். பிள்ளை வளர்த்ததும் அப்படித்தான். மகள் முதல் அடி எடுத்து வைத்ததை அண்ணன் பார்த்தார், அக்கா கேட்டுக்கொண்டாள். பள்ளி நாடகத்தில் மகள் மரமாக நின்றதை அக்கா பார்த்தாள், அண்ணன் கேட்டுக்கொண்டார். அந்த மகளும் படித்து முடித்து வேலைக்கென்று வேற்றூர் போய்விட்டாள்.

ஆக, அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஏதாவது ஒன்றை, எதுவாக இருந்தாலும் சரி, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். சினிமாவுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனார்கள். தெரிந்த பையன் ஒருவனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்கள். பாதிப் படத்தில் கடையிலிருந்து போன் வந்தது, அண்ணன் எழுந்து போனார், மீதிக் கதையை மறுநாள் காலை அக்கா சொன்னாள். போன் அடிக்காத இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றிலிருந்து அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பதில் ஒரு வாடிக்கையாளரின் ரூபத்தில் வந்தது. காது மருந்து வாங்க வந்த ஒரு பெண், கடலுக்கடியில் முக்குளித்துவிட்டு வந்தவள், போனில் படம் காட்டினாள். நீல வெளிச்சம், பவளப்பாறை, அதன் மேல் தலைகீழாக இரண்டு பேர். அக்கா மீனைப் பார்க்கவில்லை. "அங்க போன் எடுக்காதுல்ல?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அண்ணனைச் சம்மதிக்க வைக்கச் சில வாரங்கள் பிடித்தன. பத்துப் பத்து நிமிஷமாகப் பேசினால் எந்தக் காரியமும் அப்படித்தான் நகரும். ஒரு நாள் காலை எந்த மாதத்தில் கடல் அடங்கிக் கிடக்கும் என்பதைப் பேசினார்கள். மாலையில் எத்தனை நாள் என்பதை. முக்குளித்த கையோடு விமானம் ஏறக்கூடாது, ஒரு நாளாவது தரையில் கிடக்க வேண்டும் என்று அக்கா சொன்னபோது, "சும்மா கெடக்கறதுக்கு ஒரு நாளா?" என்று அண்ணனுக்கு வயிறு எரிந்தது. கடைக்கு அவருடைய தங்கை பொறுப்பேற்றாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கொடுத்தே ஓய்வுபெற்றவள், வீட்டில் பொழுது போகாமல் இருந்தவள். "நானும் என் சிநேகிதியும் பாத்துக்கறோம், நீங்க கெளம்புங்க அண்ணி. அண்ணன் போன் பண்ணா நான் எடுக்க மாட்டேன்" என்றாள்.

உடைதான் பாக்கி, வெட்சூட் என்கிற அந்த முக்குளிக்கும் ரப்பர் உடை. போகிற இடத்தில் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஆனால் அக்கா படைக்கும் சொறிக்கும் களிம்பு விற்றே காலம் தள்ளியவள். "யார் யாரோ போட்டுக் கழட்டினதை என் உடம்புல மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் உடனே ஆமோதித்தார். "சொந்தமா வாங்கிடலாம். ஒண்ணு போதும்."

"ஒண்ணா?"

"காலையில நீ போட்டுக்கிட்டு முங்கு. மத்தியானம் நான் போட்டுக்கறேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள போயிட்டா மேல யாரு இருக்கறது?"

மேலே எதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடலுக்குப் போனாலும் கல்லாவில் ஆள் வேண்டும் அவருக்கு. அக்கா வாயைத் திறந்தாள், அதற்குள் இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்துவிட்டார். பத்து நிமிஷம் முடிந்தது.

நாத்தனார் பொறுப்பேற்ற முதல் நாள், நீச்சல் சாமான் விற்கும் கடைக்கு இருவரும் போனார்கள். சுவர் முழுக்கக் கறுப்பு உடைகள் தலையில்லாத ஆட்கள் மாதிரி தொங்கின. விற்கும் பெண்மணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு" என்றார் அண்ணன்.

அந்தப் பெண்மணி இருவரையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணன் நெட்டை, எலும்பும் தோலும். அக்கா குட்டை, பூசினாற்போல உடம்பு. "சார், இது உடம்போட ஒட்டி இருக்கணும். தொளதொளன்னு இருந்தா உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், குளிரும்" என்று பொறுமையாகச் சொன்னாள்.

"நடுவாந்தரமா ஒண்ணு எடுங்கம்மா. கொஞ்சம் நானும் விட்டுக்கொடுக்கறேன், கொஞ்சம் அவளும் விட்டுக்கொடுப்பா. அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடுது."

பெண்மணி மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெதுவெதுப்பான கடலுக்கு அதுவே போதும் என்றாள். அண்ணன் ஏழில் கை வைத்து, "கூட இருந்தா நல்லதுதானே" என்றார். "காய்ச்சல் மாத்திரையும் கூட இருந்தா நல்லதுன்னு நாலா முழுங்குவீங்களா?" என்று அக்கா கேட்டாள். மூன்றே முடிவாயிற்று.

முதலில் அண்ணன் போட்டுக்கொண்டு வந்தார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது, கால் கெண்டைக்கால் வரைதான். கண்ணாடியில் பார்த்து, "காத்தோட்டமா இருக்கு" என்றார். பிறகு அக்கா உள்ளே போனாள்.

காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு விட்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்று பெண்மணி சொல்லிக் கொடுத்திருந்தாள். கால்கள் போயின. இடுப்பு போகவில்லை. இழுத்தாள், குதித்தாள், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். உரலில் தலையை விட்ட பிறகு உலக்கைக்கு அஞ்சலாமா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு இன்னொரு முறை இழுத்ததில், ஒரு வழியாக இடுப்புக்கு ஏறியது. அதற்கு மேல் இம்மியும் நகரவில்லை, கீழேயும் வரவில்லை. இடுப்புக்குக் கீழே ரப்பர், இடுப்புக்கு மேலே கொட்டும் வியர்வை.

"ஆச்சா?" என்று கதவுக்கு வெளியே அண்ணன் குரல்.

"ஆகல."

"கொஞ்சம் விட்டுக்கொடு."

அக்காவுக்கு அழுகை வந்தது. இந்த ரப்பருக்காகவா வரும்? அவளுக்கே அது தெரியும். இந்தப் பாதி உடையைப் போட்டுக்கொண்டு காலையில் அவள் தனியாக ஒரு மீனைப் பார்ப்பாள், மத்தியானம் அவர் தனியாக ஒரு மீனைப் பார்ப்பார், சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக்கொள்வார்கள். அதற்கு இத்தனை தூரம் போக வேண்டுமா, கடையிலேயே இருந்துவிடலாமே என்று நினைத்தாள்.

"என்னங்க" என்றாள், கதவைப் பார்த்து.

"சொல்லு."

"எனக்கு மீன் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. நீங்க பாக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவும். மேல யாரும் இருக்க வேண்டாம். கடல்ல யாரு வந்து மருந்து கேக்கப் போறாங்க?"

வெளியே, விற்கும் பெண்மணி ஏற்கெனவே மடித்திருந்த துண்டை மறுபடியும் மடித்தாள். அண்ணன் இடித்த புளி மாதிரி நின்றார். மருந்துச் சீட்டில் எவ்வளவு கோணலான கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற மனுஷன், இத்தனை வருஷம் எதைப் படிக்காமல் விட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா" என்று பெண்மணியைக் கூப்பிட்டார். "அவ அளவுக்கு ஒண்ணு எடுங்க. என் அளவுக்கு ஒண்ணு எடுங்க. மொதல்ல உள்ள போய் அவள அதிலேருந்து உருவி எடுங்க."

தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போனை அறையில் வைத்துப் பூட்டியது அண்ணன்தான். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்ததும் படகு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் வேறு விஷயம். பயிற்சி கொடுத்த இளைஞன் முதலில் இடுப்பளவு தண்ணீரில் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தான். "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க" என்று அண்ணன் முணுமுணுத்தார். "ஆழம் அஞ்சு மீட்டர் சார்" என்றான் அவன். தெரிந்துவிட்ட பிறகு அவருக்குச் சாக்கு இல்லை.

இறங்கினார்கள். இளைஞன் பின்னாலிருந்து இருவரையும் பிடித்துக்கொண்டான். அண்ணன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நாடி பார்க்கிறவர் மாதிரி. காதில் சொந்த மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு ஆமை வந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

படகில் ஏறி, வாயிலிருந்த குழாயைத் துப்பியதும் அண்ணன் ஆரம்பித்தார். "இவ்வளவு பெரிய ஆமை. பச்சை பசேல்னு. நேரா என்னையே பாத்துச்சு."

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பச்சை இல்ல. பழுப்பு."

"பச்சைதான்."

"பழுப்புங்க. அதோட அது உங்களைப் பாக்கல. என்னைத்தான் பாத்துச்சு."

"நான் கண்ணால பாத்தேன்."

"நானும் கண்ணாலதான் பாத்தேன்."

அண்ணன் திகைத்துப் போனார். தான் பார்த்ததாக அவர் சொன்ன எதையும் அவள் இதுவரை மறுத்ததில்லை. அவர் பார்த்ததை அவள் பார்த்திருந்தால்தானே மறுப்பதற்கு? மகளின் முதல் அடி வலது கால் என்று அவர் சொன்னார், வலது கால் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குக் காது மடல்வரை சந்தோஷம் ஏறியது. சண்டை போடுவதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

இளைஞன் நடுவில் புகுந்து, "மேடம், அந்த ஜாதி ஆமை பொதுவா..." என்று தொடங்கினான்.

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்றார்கள் இருவரும்.

படகு கரையை நோக்கித் திரும்பியது. அண்ணன் விடவில்லை. "கண்ணாடிக்குள்ள தண்ணி போயிருக்கும் ஒனக்கு. நீ சரியா பாக்கல."

"எப்படிப் பாக்காம இருப்பேன்?" என்றாள் அக்கா. "நான் ஒங்க பக்கத்துலதான இருந்தேன்."