எண்ணெய்ப் புகை காத்த பெண்

ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடை, எங்கள் ஈழத்து ஆட்கள் பாரிஸுக்கு வருமுன்னரே ஒரு பிரெஞ்சுக்காரரின் கபேயாக இருந்தது. அதன் அடுப்படியில் நெடுங்காலம் இறைச்சி அடைத்த ரோல்ஸ் பொரித்தவரை நாங்கள் ‘ரோல்ஸ் அக்கா’ என்போம். ஒல்லி உடம்பு, அனலில் கருகிய புருவம். எண்ணெயிலிருந்து எடுத்த ரோல்ஸை வெறும் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் தட்டில் வைப்பார். சுடுகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கடையைப் பழைய கபேயாகவே மீட்டெடுக்க முதலாளிக்கு ஆசை வந்தது. சுவரின் கரியைச் சுரண்டியபோது, டைல்ஸில் தீட்டிய ஒரு பெண் வைன் கிண்ணத்துடன் சிரித்தாள். நிறம் மங்கவேயில்லை. எண்ணெய்ப் படலம்தான் காத்தது என்றார் சுவரைத் துலக்க வந்தவர்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

“அக்கா, உங்கட புகைதான் இவளைக் காப்பாத்தியிருக்கு. ஆனா இனி இஞ்சை பொரிச்சா படம் திரும்பக் கறுத்துப்போம். நாளைக்கு வரவேண்டாம்.”

“அப்ப நான்?”

“நீங்கள் என்ன, சுவரிலை ஏறி நிக்கப் போறியளோ?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

“குடுத்து வைச்சவள். சும்மா நிண்டு சிரிச்சாலே வேலை நிரந்தரம்.”

எண்ணெய்க் கையால் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு மெத்ரோ ரயில் நிலையப் பக்கம் நடந்தார்.

இப்போது அங்கே கோப்பி குடிக்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கன்னத்துக்கே போகிறது. தடவியது கோபத்திலா, வாஞ்சையிலா, தெரியவில்லை. மிகச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள்.