சத்தமில்லாத மூன்றாவது ஆட்டம்

காணும் பொங்கலன்று பழவேற்காட்டுக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். போன வருஷம் என் நாத்தனாரின் கணவர் அதை மாற்றினார். "அங்க கால் வைக்க எடம் இருக்காதுக்கா. இந்த வாட்டி பெயிண்ட்பால் ஆடலாம், துப்பாக்கில பெயிண்ட் குண்டு போட்டு சுட்டுக்கற ஆட்டம். எங்க ஆபீஸ் பசங்க நாலு பேரு வர்றாங்க. நீங்க ரெண்டு பேரு, நாங்க ரெண்டு பேரு. சரியா இருக்கும்" என்று போன் செய்தார். அவர்கள் இருப்பது பொன்னேரி பக்கத்து ஆரணியில். நாங்கள் கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில்.

என் கணவருக்கு இஷ்டமே இல்லை. "நீ போய்ட்டு வா" என்றார். நான் விடவில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சுதான் குறைந்துகொண்டே வந்தது. சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. இரண்டு தரம், மூன்று தரம் கேட்ட பிறகு எழுந்து வந்து, "இன்னா சொன்ன?" என்பார். கல்யாணமான புதிதில் விளக்கை அணைத்த பிறகுதான் எங்களுக்குப் பேச்சே தொடங்கும். இப்போதெல்லாம் இருட்டில் நான் பாதி சொல்லும்போதே அவர் திரும்பிப் படுத்துவிடுவார். தூங்குகிறவர் போலவும் தெரியாது. போன் செய்தால் எடுக்கமாட்டார், "மெசேஜ் போடு" என்று பதில் வரும். என்மேல் அலுப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை அவரிடம் கேட்கப் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாளாவது வெளியே போய்ச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவோமே என்றுதான் அன்றைக்கு அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பெரியபாளையம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு. மரங்களுக்கு நடுவே பழைய டயர்களையும் டிரம்களையும் அடுக்கி வைத்திருந்தார்கள். மண்மூட்டைகளால் அங்கங்கே இடுப்புயரச் சுவர். ஒரு ஓரத்தில் வலை கட்டிய கொட்டகை. ஆட்டத்தை நடத்தியது ஒரு இளம்பெண். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், அதட்டுகிற குரல்.

"அண்ணா, அக்கா, எல்லாரும் இங்க கவனிங்க. உள்ள போனா மாஸ்க்க கழட்டவே கூடாது. வேர்த்தாலும் சரி, மூச்சு முட்டினாலும் சரி, இந்த வலைக்குள்ள வந்துதான் கழட்டணும். குண்டு உங்க மேல பட்டு ஒடஞ்சி பெயிண்ட் ஆச்சுன்னா நீங்க அவுட். ஒடையாம எகிறிப் போனா அவுட் இல்ல. அவுட்டானவங்க 'அவுட் அவுட்'னு கத்திக்கினே வெளிய வந்துடணும். அவங்கள யாரும் சுடக் கூடாது. கிட்டத்துல யாராவது மாட்டிக்கினா சுடாதீங்க, பயங்கரமா வலிக்கும். 'சரண்டர்'னு சொல்லுங்க, அவங்க கைய தூக்கிடணும். நான் விசில் ஊதினா ஆட்டம் முடிஞ்சிது. அப்பறம் ஒரு குண்டு கூட வரக் கூடாது."

கொஞ்சம் நிறுத்தி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "பெயிண்ட்ட தொடச்சிக்கினு ஆடறது அழுகுணி ஆட்டம். நான் பாக்கலன்னாலும் உங்களுக்குத் தெரியும் இல்ல?"

எல்லோரும் சிரித்தோம். என் கணவர் அவளுக்கு நேர் எதிரில் நின்று, முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்றவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியம்.

சீட்டுப் போட்டதில் அவர் ஒரு அணி, நான் எதிர் அணி. நாத்தனாரின் கணவர் என் பக்கம் வந்தார். நாத்தனார் அண்ணனோடு போனாள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மூடுகிற கறுப்பு மாஸ்க்கை மாட்டிக்கொண்டதும் யார் யாரென்றே தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

முதல் ஆட்டத்திலேயே என் கணவரின் குறி எல்லோரையும் அசத்தியது. டயருக்குப் பின்னாலிருந்து தலையைக் காட்டிய என்னைத்தான் முதலில் அடித்தார். தோளில் மஞ்சள் பெயிண்ட் வழிய, கத்திக்கொண்டே வெளியே வந்தேன். அடுத்து நாத்தனாரின் கணவருக்குத் தொடையில் அடி. அவர் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்தபடி, "அவுட், அவுட்" என்று சொல்லிக்கொண்டு நடந்து வந்தார். என் கணவர் மறுபடி சுட்டார். முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

"மச்சான்! அவுட்டுனு கத்திக்கினே வர்றேன் இல்ல?"

என் கணவர் கையைத் தூக்கித் தெரியாமல் நடந்துவிட்டது என்பதுபோலக் காட்டினார். ஆட்ட வேகம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

இரண்டாவது ஆட்டத்தில் நிலைமை முற்றியது. ஆபீஸ் நண்பர்களில் ஒருவர் அவருக்குப் பின்பக்கமாக மிக அருகில் வந்து, "சரண்டர் சார்!" என்றார். இவர் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கத்தினார். மூன்றாம் தரமும் கத்திப் பார்த்துவிட்டு முதுகில் சுட்டுவிட்டார். இவர் துள்ளித் திரும்பி, "கிட்ட நின்னு சுடக் கூடாதுன்னாங்க இல்ல?" என்று கோபப்பட்டார். "மூணு வாட்டி கேட்டேன் சார்" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினார் அந்த நண்பர். "எப்ப கேட்ட?" என்று இவர். அதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. என் கணவர் அந்தக் கோபத்திலேயே டிரம்களின் பக்கம் திரும்பி, அங்கே எழுந்து நின்ற நாத்தனாரின் கணவரைச் சுட்டார்.

இந்த முறை குண்டு பட்டவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மச்சான் இது? விசில் ஊதினப்பறம் சுடறீங்க. அவுட்டுன்னா சுடறீங்க. சரண்டர்னா ஒத்துக்க மாட்டேன்றீங்க. இது அழுகுணி ஆட்டம் இல்லியா?"

எல்லோரும் என் கணவரைச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் ஓரமாக நின்று அவரையே பார்த்தேன். அவர் ஒரு மாஸ்க்கிலிருந்து இன்னொரு மாஸ்க்குக்குத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பேசுவது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவர் பேசி முடித்த பிறகு அவரைப் பார்க்கிறார், அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுகிறார். எல்லோருடைய வாயும் மூடியிருக்கிறது.

எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

என் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். இரும்புத் தகட்டை அறைந்து வளைக்கிற இயந்திரங்களுக்கு நடுவே, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. நானோ மருந்துக்கடையில் உட்கார்ந்து தினமும் யாருக்காவது காதுச் சொட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள்.

அவர் கையைப் பிடித்து வலைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனேன். என் மாஸ்க்கைக் கழற்றினேன். அவருடையதை அவர் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை. அவர் எதிரில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"உங்களுக்குக் காது கேக்கலியா?"

அவர் என் உதட்டைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் உதட்டைத்தான் என்று அப்போது தெரிந்தது.

"இந்தப் பக்கம் சுத்தமா இல்ல" என்று வலது காதைத் தொட்டார். "அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்குது. வாயப் பாத்தா புரிஞ்சிடும்."

"எத்தினி நாளா?"

"தெரில. கொஞ்சம் கொஞ்சமா போச்சி."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"கம்பெனில தெரிஞ்சா லைன்ல வச்சிக்க மாட்டாங்கன்னு பயம். ஒன்னாண்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ பேசறத கொறச்சிக்கின. நான் புரியாம தலையாட்டறத கண்டுபுடிச்சிட்ட, இவனாண்ட பேசி இன்னா ஆவப் போதுன்னு உட்டுட்டன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேங்க" என்றேன். அவர் தன் பெயிண்ட் கையால் என் கன்னத்தைத் துடைக்க வந்து, கையைப் பார்த்துவிட்டு, முழங்கையால் துடைத்தார்.

"போலாமா, ஊட்டுக்கு?" என்றேன்.

"இப்ப போனா அழுகுணின்னுதான் பேர் இருக்கும்."

"நான் போய் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தார். அது அவர் சொல்ல வேண்டிய விஷயம், எனக்குப் புரிந்தது. நான் நேராக அந்தப் பெண்ணிடம் போனேன். "கண்ணு, அடுத்த ஆட்டத்த சத்தமில்லாம ஆட முடியுமா? எல்லாத்துக்கும் கைதான்" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

"எல்லாரும் வாங்க!" என்று கூப்பிட்டாள். "மூணாவது ஆட்டம் வேற மாதிரி. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவுட்டானா துப்பாக்கிய ரெண்டு கையால தலைக்கு மேல தூக்கிக்கினே வரணும். தூக்கினவங்கள சுடக் கூடாது. கிட்டத்துல போயிட்டா, எதிர்ல வந்து நின்னு உள்ளங்கையக் காட்டணும், அதான் சரண்டர். முதுகுப் பக்கம் கிட்டப் போயி சுடறது கெடையாது. ஆட்டம் முடிஞ்சா விசிலும் ஊதுவேன், செவப்புக் கொடியும் ஆட்டுவேன். கொடிய பாக்காதவங்க பக்கத்துல யாரு இருந்தாலும் தோளத் தொட்டுக் காட்டணும்."

"சத்தம் போடாம ஆட்றதா? ஜாலியா இருக்கும் போலகீதே" என்றாள் நாத்தனார்.

உண்மையிலேயே நன்றாக இருந்தது. கத்தல் நின்றதும் சருகு நொறுங்குவது கேட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் கவனமாகப் பார்த்தோம். குண்டு பட்டவர்கள் மறைக்காமல் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கத்தாமல் தூக்குவதில் ஒரு மரியாதை இருந்தது. என் கணவர் ஒருவரைக்கூடத் தப்பாகச் சுடவில்லை. மண்மூட்டையைச் சுற்றி நான் குனிந்து போனபோது எதிரே அவரே நின்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையைக் காட்டினோம். யார் யாரிடம் சரணடைவது என்று தெரியாமல் நின்றோம். மாஸ்க்குக்குள் அவர் சிரிப்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. கடைசியில் நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கொட்டகையில் தண்ணீர் குடிக்கும்போது, என் கணவர் நாத்தனாரின் கணவரிடம் போனார். "முதுகக் காட்டு மாப்ள" என்றார். சிவந்து வீங்கியிருந்ததை விரலால் தொடாமல் பார்த்தார்.

"நீ அவுட்டுனு கத்தினது எனக்குக் கேக்கல. விசிலும் கேக்கல. காது போயிடுச்சி மாப்ள, வலது பக்கம் சுத்தமா இல்ல. வேணும்னு சுடல."

நாத்தனார் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவள் கணவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு என் கணவரைச் சுற்றி வந்து இடது பக்கமாக, முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

"இங்க நின்னு பேசினா கேக்குதா மச்சான்?"

"கேக்குது."

"அப்ப இங்கயே நிக்கறேன். அழுகுணின்னு சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க."

"நானா இருந்தா அதுக்கு மேலயே சொல்லியிருப்பேன்" என்றார் என் கணவர். நாத்தனார் அண்ணனின் தோளில் ஒரு அடி போட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

பொங்கல் லீவு முடிந்ததும் திருவள்ளூரில் காது டாக்டரிடம் போனோம். இழந்த கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காதுக்குக் கருவி வைத்தார்கள். கம்பெனியில் அவர் தானாகவே போய்ச் சொன்னார். வேலை போகவில்லை. பிரஸ் ஷாப்பிலிருந்து தர சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் ஒரு மாதம் அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் இருந்தது. பழைய லைன் ஆட்களோடு சாப்பிடப் போக ஆரம்பித்த பிறகு சரியாகிவிட்டது.

கருவி மாட்டி வந்த முதல் நாள் சாயங்காலம், சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "எதனா பேசு" என்றார். எதைப் பேசுவது? கடைக்கு வந்த ஒரு கிழவர் மாத்திரையின் நிறம் மாறிப்போச்சு என்று சண்டை போட்டதைச் சொன்னேன். வீட்டுக்காரம்மா மோட்டார் போட மறந்ததைச் சொன்னேன். அவர் அதையெல்லாம் பெரிய செய்தி மாதிரி கேட்டார், நடுநடுவே, "அப்பறம்?" என்றார். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதையே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.