ஓம் சொல்லி ஏறிய படகு

அந்த விடுமுறை மகளின் ஏற்பாடு. "அம்மா, ரெண்டு பேரும் போய் ஒரு கிழமை சும்மா இருந்திட்டு வாங்கோ, ஜஸ்ட் ரிலாக்ஸ்" என்று, ரொறன்ரோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே போனில் எல்லாவற்றையும் புக் பண்ணினாள். ஒஸ்ரியா நாட்டில் ஒரு மலைக்கிராமம், ஏரிக்கரையில் ஏழு நாளைக்கு அறை, ரயில் ரிக்கற். ரயில் ஏரியின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும், ஊருக்குப் படகில்தான் போகவேண்டும் என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

என் கணவர் படகில் ஏறமாட்டார். ஊரில் சண்டை நடந்த காலத்தில் நாங்கள் கடல்நீரேரியை வள்ளங்களில் கடந்தபோது, முன்னால் போன வள்ளம் கரை சேரவில்லை. அதில் அவருடைய தம்பி இருந்தான். நான் பிள்ளைகளைப் படகில் ரொறன்ரோத் தீவுக்குக் கூட்டிப்போகிற நாட்களிலும் இவர் இக்கரையில் காருக்குள் இருந்து ரேடியோ கேட்பார். தம்பியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

ரயிலால் இறங்கியதும் நான் வாயடைத்துப்போனேன். என் வாயை அடைப்பது லேசான காரியமல்ல. ஏரிக்கு அப்பால் மலை நேரே எழும்பி நின்றது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததே தவிர உச்சி தெரியவில்லை. அதன் காலடியில் கொஞ்ச வீடுகளும் ஒரு தேவாலயக் கோபுரமும். தண்ணீரில் அசைவே இல்லை. அதே மலை அதற்குள் தலைகீழாக நின்றது. இதைப் பார்க்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று கண் கலங்கிவிட்டது.

அவர் மலையைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீர் போயிட்டு வாரும். நான் இதில இருக்கிறன்."

"ஒரு கிழமைக்குமோ?" என்றேன்.

அப்போது இறங்குதுறையில் நின்ற ஒரு சிறுமி, "ஓமா?" என்று உரக்கக் கேட்டாள். எங்கள் பேச்சில் அது "ஆமாவா?" என்று கேட்பதுபோல. இவர் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டி, "ஓம்" என்றார். அவள் கூப்பிட்டது படகில் ஏறிவிட்ட தன் அம்மம்மாவை. அங்கே அம்மம்மாவை ஓமா என்றுதான் கூப்பிடுவார்களாம், பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் இவர் தலையாட்டியதைக் கண்ட படகுக்காரர் எங்கள் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, வேண்டாமெண்டு சொல்லட்டே?" என்று இவரிடம் கேட்டேன்.

அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓமெண்டு சொல்லிப்போட்டனே" என்றார். ஏறினார்.

என் கையை நெரித்துப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நடு ஏரியில் கண்ணைத் திறந்து, குனிந்து, தண்ணீரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"தண்ணியைப் பாத்தா அவன்ரை முகம் தெரியுமெண்டு பயம்" என்றார். "அதாலதான் இவ்வளவு காலமும் பாக்கேல்லை."

"இப்ப?"

"மலைதான் தெரியுது."

படகு கரையைத் தொட்டது. சிறுமியும் அம்மம்மாவும் இறங்கினார்கள், மற்றவர்களும் இறங்கினார்கள். அவர் இன்னும் குனிந்தபடி தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தார். எழும்புங்கோ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.