உடம்பில் பெசி இல்லை

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே கோப்பி குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும். ஆனால் நடந்தது பட்டப்பகலில், ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போது.

கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கோத்தா திங்கியிலிருந்து என் மனைவி சரசுதான் காரோட்டி வந்தாள். என்னை வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடப் போனாள். ஸ்கேன் எடுக்கிற பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். ஃபாரத்தை நீட்டி, "உடம்புல பெசி ஏதாச்சும் இருக்கா அங்கிள்?" என்றாள். பெசி என்றால் மலாயில் இரும்பு. இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை, என் தாடையில் இருப்பது தங்கம்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, சரசு என்னை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், மெர்சிங்கில் ஒரு மந்திரவாதியிடம் போய் சுசுக் வைத்துக்கொண்டேன். மந்திரித்த சின்னத் தங்க ஊசியைத் தோலுக்கடியில் செருகுவார்கள், முகத்துக்கு வசீகரம் வரும் என்பார்கள். வலது தாடையில் ஒன்று, இடதில் ஒன்று. நம்பிக்கை எல்லாம் கிடையாது, சும்மா வைத்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம் சரசு சிரித்தாள், பிறகு கல்யாணமும் ஆனது. இதை மட்டும் அவளிடம் சொன்னதே இல்லை. ஊசிக்கு மயங்கித்தான் இவனுக்குக் கழுத்தை நீட்டினோமா என்று அவள் நினைத்துவிட்டால் என் கதி என்ன?

உடை மாற்றிக்கொண்டு வந்தால், அந்தப் பெண் ஸ்கேன் அறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அலமாக் அங்கிள், சுசுக் இருக்குன்னு ஏன் சொல்லல? தங்கத்தோட என்னத்தைக் கலந்திருக்காங்களோ, யாருக்குத் தெரியும்? காந்தம் இழுக்கலாம், சூடாகிச் சுடலாம். மொதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்."

"யாரும்மா சொன்னது?"

"உங்க வீட்டுக்காரங்கதான். பச்சைச் சேலை. இப்பத்தான் சொல்லிட்டுப் போனாங்க."

சரசுவுக்கே தெரியாததை யார் வந்து சொன்னது? அந்நேரம் பார்த்து லிப்ட் திறந்து சரசு வந்தாள், மஞ்சள் சுடிதாரில், இவ்வளவு நேரம் பார்க்கிங் கிடைக்காத கோபத்தில். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்க இல்லையே" என்றாள்.

இனி எதை மறைப்பது? அங்கேயே சரசுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊசியாவது ஒண்ணாவது! தெனமும் ஃபேக்டரி பஸ்ல எனக்கு எடம் புடிச்சு வெச்சீங்களே, அதுக்குத்தான் லா கட்டிக்கிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைக் கேட்க இருபத்தெட்டு வருடம் பயந்திருக்கிறேன் பாருங்கள்.

எக்ஸ்ரே வந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம். வலதில் ஒன்று, இடதில் ஒன்று, மோவாய்க்கு நேர் நடுவில் இன்னொன்று.

"ரெண்டுதாம்மா வெச்சேன்" என்றேன். சத்தியமாக இரண்டுதான், கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவன் நான்.

அந்தப் பெண் தயங்கினாள். "அந்தம்மா மூணுன்னுதான் சொன்னாங்க அங்கிள். நடுவுல இருக்கிறது அவங்களோடதாம்."

ஸ்கேனை டாக்டர் நிறுத்திவிட்டார், கழுத்து உடற்பயிற்சியிலேயே சரியாகிவிட்டது. இரண்டு ஊசிகளைச் சரசு அன்றைக்கே மன்னித்துவிட்டாள். மூன்றாவதுக்குத்தான், இன்றைக்கும் சோறு போடும்போது, "யாருங்க அவ?" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். எனக்கே தெரியாது என்பதை மட்டும் நம்பமாட்டேன் என்கிறாள்.