எலக்ட்ரிக் காரின் அடிப்பக்கமும் ரத்தோட்டைத் தோட்டப் பாதையும்

கடந்த ஒக்டோபரில் மச்சானை மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுத் தையல் இன்னும் காயவில்லை. இனிச் செய்ய எதுவுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா த்ரீவீலர் பேசி வைத்திருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். அலுவிகாரையில் என் வீட்டு வாசலில், நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய எலக்ட்ரிக் கிராஸ்ஓவர் கார் நின்றது. சத்தமில்லை, குலுக்கலில்லை. பார்ப்பதற்கு ஜீப் மாதிரி உயரமாகவும் இருக்கும்.

காலை 10.20க்குப் புறப்பட்டோம். முன்னால் மச்சான், பின்னால் அக்காவும் அவர்களுடைய மகளும், டிக்கியில் மூன்று பைகள். ரத்தோட்டை வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். "தூக்கம் வருது, நல்லா இருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அங்கிருந்து அவர்கள் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டரில் தார் இல்லை. கொழுந்து லொறி ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் கல்லும் புல்லுமாக மேடு தட்டியிருக்கும். லொறிக்கு அது ஒன்றுமில்லை. என் காரின் அடிப்பக்கம் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் என்று பேப்பரில் போட்டிருந்தது. அது வெறும் காருக்கான கணக்கு. பிறகொரு நாள் நான்கு பேரை ஏற்றி அளந்தபோது 138தான் இருந்தது. அந்த இடத்தில் முழு நீளத்துக்கும் படுத்திருப்பது பேட்டரி.

முதல் மேட்டிலேயே கரகரவென்று இழுத்தது. அக்காவும் மகளும் இறங்கி நடந்தார்கள். அடுத்ததிலும் தட்டியது. மச்சான் கதவைத் திறந்தார்.

"நான் எறங்கிக்கிறேன்."

"வேணாம் மச்சான், மழை தூறுது."

"பாரம் கொறையட்டும். நான் சொல்ற மாதிரி ஓட்டு."

அவர் இருபத்திரண்டு வருடம் இதே பாதையில் கொழுந்து லொறி ஓட்டியவர். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் காட்டியபடி பின்னோக்கி நடந்தார். "ஒரு சில்ல மேட்டுல ஏத்து. மத்தத கரையில வை. மெதுவா." அப்படியே ஒரு பக்கச் சக்கரங்களை மேட்டில் ஏற்றி ஓட்டினேன். மேடு வந்தால் இறங்குவார், கடந்ததும் ஏறுவார். நடப்பதைவிட ஏறி இறங்குவதுதான் தையலுக்கு மோசம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

ஐந்தாவது மேட்டில் ஒரு கல் அடியில் மாட்டியது. திரையில் சிவப்பு எழுத்து வந்து கார் நின்றுவிட்டது. நேரம் 12.05. மச்சான் பாதையோரத்தில் குந்திவிட்டார். சட்டை வயிற்றோடு ஒட்டி நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு தையல்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

மகள் ஓடிப்போய் லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தாள். பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். மச்சான் துவாயை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

காரை மறுநாள் லொறி வைத்து இழுத்தோம். அடித்தகடு வளைந்திருந்தது, பேட்டரி தப்பியது. பத்தொன்பதாம் நாள் மச்சான் போய்விட்டார். தையல் பிரிந்தது காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றாள். எழுந்து போகும்போது, "ஆனா அன்னைக்கி ராவு முழுக்க மொனகிக்கிட்டே இருந்தாரு தம்பி" என்றாள்.

எலக்ட்ரிக் காரில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலாபத்வல, மாத்தளை, ரத்தோட்டை டவுன் வரை பயமில்லாமல் வரலாம். தோட்டப் பாதையில் ஏறுவதென்றால், ஆட்களை உட்காரவைத்துவிட்டு அடிப்பக்கத்தை அளந்து பாருங்கள். 180 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ரத்தோட்டையில் காரை விட்டுவிட்டு த்ரீவீலர் பிடியுங்கள். நாங்கள் கொடுப்பது 1,500 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். பாதை தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எனக்கு அப்படிப்பட்டவர் பக்கத்து சீட்டிலேயே இருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.